முதல் குட்டி வருமுன்: யாழ்ப்பாணத்தில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வளர்க்க விரும்புவோருக்கு

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்ற பெயர்கள் இப்போது யாழ்ப்பாணத்தில் அடிக்கடி காதில் விழுகின்றன. பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த வேட்டை நாய்கள் இவை. எங்கள் வெய்யிலைத் தாங்கும், பார்க்கவும் அழகு. ஆசைப்படுவதில் பிழையில்லை. ஆனால் இங்கே இவை அரிது. நான்கு இடம் ஏறி இறங்கி, ஒப்பிட்டுப் பார்த்து எடுக்க வழியில்லை. அதனால் கண்ணில் பட்ட முதல் விளம்பரத்துக்கே முற்பணத்தைக் கட்டிவிட்டு, "அண்ணை, குட்டி வந்திட்டுது, இனி என்ன செய்யிறது?" என்று கேட்டு வருகிறார்கள்.

கேட்கிற எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: குட்டியைத் தேடாதீர்கள், தாயைத் தேடுங்கள். நல்ல தாய் கிடைத்துவிட்டால் அதன் குட்டிக்காக ஆறு மாதம், ஒரு வருடம்கூடக் காத்திருக்கலாம். காத்திருக்கும் நாட்களில் செய்து முடிக்க வேலை நிறைய இருக்கிறது.

படி 1: உங்கள் வீட்டுக்கு எந்த இனம்?

மூன்றும் ஒன்றல்ல. ராஜபாளையம் பெரிய நாய்; தோள் உயரம் 65 முதல் 75 சென்ரிமீற்றர் வரை வரும். உடல் முழுக்க வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு, கண் பொன்னிறம். பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. 2005 இல் இந்திய அஞ்சல் துறை நாய் இனங்களுக்கு வெளியிட்ட முத்திரைகளில் ஒன்று இதற்குரியது. வீட்டாரோடு உயிராக ஒட்டும். வெளியாளை இலகுவில் ஏற்காது. சிப்பிப்பாறையும் கன்னியும் மெலிந்த உடலும் நீண்ட காலும் ஆழமான நெஞ்சும் ஒட்டிய வயிறும் கொண்ட ஓட்ட நாய்கள், முயலை விரட்டிப் பிடிக்க வளர்க்கப்பட்டவை. கன்னி பெரும்பாலும் கறுப்பு உடலும் பழுப்புக் காலுமாக இருக்கும்; வெளிர் நிறத்தில் வருவதைப் பாலக்கன்னி என்பார்கள். சிப்பிப்பாறை மான்நிறம், சாம்பல் என்று பல நிறங்களில் வரும்.

ஓட்ட நாய்க்குக் கண்தான் எல்லாம். அசைகிறதைக் கண்டால் கால் தானாக ஓடும். பக்கத்து வளவுக் கோழி, ஆட்டுக்குட்டி, ஒழுங்கையில் போகிற பூனை, சில வேளை சைக்கிள். சிறு வயதிலிருந்து பழக்கினால் அடக்கலாம். முற்றாக அழிக்க முடியாது. அயலில் எல்லாரும் கோழி திறந்துவிட்டு வளர்க்கும் இடத்தில், மதிலோ நல்ல வேலியோ இல்லாத வளவில், சிப்பிப்பாறை வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, வீட்டில் வயதான அம்மாவும் அப்பாவும் தனியே இருக்கிறார்கள். "அம்மாவுக்குக் காவலா இருக்கும்" என்று வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி ராஜபாளையக் குட்டி எடுத்துக் கொடுக்கிறார்கள். ஏழெட்டு மாதத்தில் அந்தக் குட்டி அம்மாவின் இடுப்பு உயரம் வந்துவிடும். பாசத்தில் ஒருமுறை பாய்ந்தால் போதும், அம்மா விழுவார். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு எழும்புவதே பெரும்பாடு. நாயைப் பிடித்து நடத்த வலுவான ஒருவர் அந்த வீட்டில் தினமும் இல்லையென்றால் இந்த இனம் அந்த வீட்டுக்கு ஏற்றதல்ல.

படி 2: வீட்டாரோடு பேசி முடிப்பது

யார் காலையில் எழும்பி நடத்துவது, யார் வைத்தியரிடம் கொண்டுபோவது, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் எல்லாரும் கோயிலில் நிற்கும்போது யார் வீட்டில் நிற்பது என்பதையெல்லாம் பெயர் சொல்லித் தீர்மானியுங்கள். "எல்லாரும் பாப்பம்" என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். இன்று ஓ.எல். படிக்கிற மகன் கேட்டான் என்று எடுத்தால், அவன் கம்பசுக்குப் போகும்போது நாய் நடுவயதில் நிற்கும்.

சைவ வீடுகளில் இன்னொரு கேள்வி உண்டு: குசினிக்குள் மீனோ இறைச்சியோ ஏறாது என்றால் நாய்க்கு எங்கே அவிப்பது? கோடிப்பக்கம் தனி அடுப்பும் தனிச் சட்டியும் வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கந்தசஷ்டி ஆறு நாளும் வீட்டில் மச்சம் கூடாது என்றால் அந்த நாட்களுக்கு உலர் தீனை முன்கூட்டியே பழக்கிவைக்கவேண்டும். இதை அம்மாவோடு முதலே பேசிவிடுங்கள். நாய் வந்த பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

படி 3: தாயைத் தேடுவது

நேரமும் பொறுமையும் அதிகம் தேவைப்படுவது இதற்குத்தான்.

வளர்ப்பவரிடம் முதல் நாளே விலை கேட்காதீர்கள். தாயின் வயது என்ன, இது எத்தனையாவது ஈற்று, முந்திய ஈற்றுக் குட்டிகள் இப்போது எங்கே, அவற்றை வளர்க்கிற இருவரோடு பேசலாமா என்று கேளுங்கள். நேர்மையாக வளர்ப்பவர் இந்தக் கேள்விகளில் மகிழ்வார். உங்களிடமும் திருப்பிக் கேட்பார். வளவு எவ்வளவு, மதில் உண்டா, கட்டி வளர்ப்பீர்களா என்றெல்லாம் உங்களைக் குடைகிற ஆளைத்தான் நம்பவேண்டும். ஒன்றும் கேட்காமல் வங்கிக் கணக்கு இலக்கத்தை அனுப்புகிறவரை விட்டுவிடுங்கள்.

அடுத்தது தகப்பன். அரிய இனங்களுக்குப் பெரிய ஆபத்து இரத்த உறவுக்குள் சேர்ப்பதுதான். ஒரு ஊரில் நாலு நாய்தான் இருந்தால், அண்ணன் தங்கையையும் தகப்பன் மகளையும் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். கூடப்பிறந்த இரண்டைச் சேர்த்தாலும், தாயையும் மகனையும் சேர்த்தாலும் பிறக்கும் குட்டியின் உள்ளினக் கெழு 25 வீதம். அதாவது, குட்டியின் மரபணு இடங்களில் கால்வாசியில், தாய்வழியாக வந்ததும் தகப்பன்வழியாக வந்ததும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியாக இருக்கலாம். ஒரு தகப்பனுக்கு வேறு வேறு தாயில் பிறந்த இரண்டைச் சேர்த்தால் 12.5 வீதம். ஒளிந்து கிடக்கும் குறைகள் இப்படித்தான் வெளியே வருகின்றன. ஆகவே தாய் தகப்பன் இரண்டின் பாட்டன் பாட்டி பெயர்வரை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே பெயர் இரண்டு பக்கமும் வந்தால் அந்த ஈற்றை விடுங்கள், அடுத்ததைப் பார்ப்போம் என்று சொல்லுங்கள்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கெனல் கிளப்பின் பதிவுச் சான்றிதழ், அல்லது இங்கே இலங்கை கெனல் சங்கத்தின் பதிவு இருந்தால் நல்லது. வம்சம் எழுத்தில் இருக்கிறது என்பதற்கு அது சான்று. குட்டி சுகமாக இருக்கிறது என்பதற்குச் சான்று அல்ல. குட்டியின் தோலுக்குக் கீழ் வைக்கும் சிறு அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் எண் 15 இலக்கங்கள் கொண்டது. கடதாசியில் இருக்கும் எண்ணும் கருவியில் வாசிக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்க்கவேண்டும்.

தாயை நேரில் பாருங்கள். போக முடியாவிட்டால் நேரலை வீடியோவில், குட்டிகள் பால் குடிக்கும்போது காட்டச் சொல்லுங்கள். பதிவு செய்த வீடியோ போதாது. அதை யாரிடமிருந்தும் எடுத்து அனுப்பலாம். தாயின் தோலைப் பாருங்கள்: முகத்திலும் காலிலும் மயிர் கொட்டித் திட்டுத் திட்டாக இருந்தால் சொறிப்பூச்சியாக இருக்கலாம். டெமோடெக்ஸ் என்ற சொறிப்பூச்சியால் உடல் முழுக்கச் சொறி வந்த நாயைக் குட்டிக்கு விடக்கூடாது. குணத்தையும் பாருங்கள். குட்டி போட்ட தாய் வெளியாளைக் கண்டு உறுமுவது இயல்பு. சொந்தக்காரர் பக்கத்தில் நின்று தடவியும் அது நடுங்கி மூலைக்குள் ஒதுங்கினால் அந்தப் பயம் குட்டிகளுக்கும் போகும். பாதி இரத்தத்தோடு, மீதி அதைப் பார்த்துப் பழகுவதால்.

முற்பணம் கட்டினால் எழுத்தில் வாங்குங்கள். குட்டிக்குப் பிறவிக் குறை தெரியவந்தால் என்ன செய்வது, உங்களால் வளர்க்க முடியாமல் போனால் அவர் திரும்ப எடுப்பாரா, நீங்கள் பின்னர் குட்டிக்கு விடலாமா, மூன்றும் அதில் இருக்கட்டும்.

படி 4: கடல் கடந்து வரும் குட்டி

இலங்கைக்குள் நல்ல தாய் கிடைக்காவிட்டால் இந்தியாவைப் பார்ப்பது இயல்பு. சட்டப்படி வருவதற்கு வழி இருக்கிறது. பேராதனை, கெட்டம்பேயில் தலைமையகம் கொண்ட கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்திடம் இறக்குமதி அனுமதிப் பத்திரம் முன்கூட்டியே எடுக்கவேண்டும். அந்தப் பக்கத்தில் இந்திய அரசின் விலங்குத் தடுப்புக்காப்புச் சேவை ஏற்றுமதிச் சான்றிதழ் தரும். அதற்கு சென்னையிலும் அலுவலகம் உண்டு. இனத்துக்கு அனுமதி உண்டா, எந்தத் துறைமுகம் அல்லது விமான நிலையம் வழியாகக் கொண்டுவரலாம், எந்தத் தடுப்பூசி எத்தனை நாளுக்கு முன் போட்டிருக்கவேண்டும் என்பதைத் திணைக்களத்திடமே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். முகவர் சொல்லும் வாய்ப்பேச்சை வைத்து விமானச் சீட்டுப் போடவேண்டாம்.

ஒரு கணக்கை மனதில் வைத்திருங்கள். விசர்நோய்த் தடுப்பூசி வழமையாக மூன்று மாதத்தில் போடப்படுவது. அது உடலில் பலன் தர மேலும் சில கிழமை எடுக்கும். ஆகவே முறையாகக் கடல் கடக்கிற குட்டி அநேகமாக நாலு மாதத்தை எட்டியிருக்கும். "இந்தியாக் குட்டி, நாப்பது நாள், நாளைக்குக் கையிலை" என்று ஒருவர் சொன்னால் அது எப்படி வந்தது என்று நீங்களே ஊகிக்கலாம். இரவில் படகில், மீன்பெட்டிக்குள், தண்ணீரில்லாமல் வருகிற குட்டிகள், சத்தியும் இரத்த வயிற்றோட்டமுமாகக் குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரசையும் சேர்த்துக் கொண்டுவருகின்றன. பிடிபட்டால் சட்டச் சிக்கல் உங்களுக்கும் உண்டு. பிடிபடாவிட்டாலும் அந்தக் குட்டிக்கு ஒரு கடதாசியும் கிடையாது. அந்த வழியில் வருகிற குட்டியை எவ்வளவு ஆசை இருந்தாலும் எடுக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக நிற்கிறேன்.

படி 5: குட்டிக்கு முதல் வைத்தியர்

அரச மிருக வைத்திய அலுவலகங்களில் பெரும்பகுதி வேலை மாடும் ஆடும் கோழியும். நாய்களை வழமையாகப் பார்க்கிற ஒருவரை முன்கூட்டியே தேடிப் போய்ச் சந்தியுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு அவசரம் என்றால் யாருக்குத் தொலைபேசி எடுப்பது, இரத்தப் பரிசோதனை எங்கே செய்யலாம் என்று கேட்டு எழுதிவையுங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி எடுப்பவர்கள் கட்டாயம் சொல்லவேண்டிய ஒன்று: "இது கிரேஹவுண்ட் மாதிரி ஓட்ட நாய்." கிரேஹவுண்ட் வகையின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு, சில மயக்க மருந்துகளை, குறிப்பாகத் தயோபென்ரலை, ஈரல் மெதுவாகத்தான் அகற்றும். மற்ற நாய்கள் எழும்பும் நேரத்தில் அவை எழும்பாமல் கிடக்கும். வைத்தியருக்கு முதலே தெரிந்தால் வேறு மருந்தைத் தெரிவார்.

தடுப்பூசி 6 முதல் 8 கிழமை வயதில் தொடங்கும். டிஸ்டெம்பர், பார்வோ, ஈரலழற்சி, எலிக்காய்ச்சல் இவற்றுக்கானது. பிறகு 3 அல்லது 4 கிழமைக்கு ஒருமுறை, 16 கிழமை வயது தாண்டும்வரை. ஏன் ஒரே ஊசியை இத்தனை முறை? கடும்புப் பாலில் தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசியின் வேலையையும் அது தடுத்துவிடும். எந்தக் கிழமையில் அது தீரும் என்று வெளியே தெரியாது. அதனால்தான் தொடர்ந்து போடுகிறார்கள். கடைசி ஊசியைத் தவறவிட்ட குட்டிகள்தான் பார்வோவில் அதிகம் போகின்றன. ஊசி மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்கவேண்டியது. விற்பவர் "நானே ஊசி போட்டிட்டன்" என்றால், மருந்துப் போத்தலின் ஒட்டுத்தாள் அட்டையில் இருக்கிறதா, வைத்தியரின் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போடாத குட்டியாகவே கணக்கெடுத்து உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

படி 6: வளவைத் தயார்செய்தல்

குட்டி வர ஒரு மாதத்துக்கு முதல், குனிந்து குட்டியின் உயரத்தில் வளவைச் சுற்றிவாருங்கள்.

முதலில் கிணறு. எங்கள் பழைய வளவுகளில் கட்டுத் தாழ்ந்த கிணறுகளும், கட்டே இல்லாத தோட்டக் கிணறுகளும் இன்னும் உண்டு. ஓட்ட நாய்க் குட்டி ஓணானைத் துரத்துகிற வேகத்தில் கிணற்றைப் பார்க்காது. இரும்பு வலை போட்டு மூடுங்கள். தொட்டிக்குள் தண்ணீர் நிரம்பி நின்றால் அதையும் மூடுங்கள்.

வேலி. கிடுகும் பனையோலையும் கண்ணுக்கு மறைப்பு, நாய்க்குத் தடை இல்லை. அடியில் ஒரு ஓட்டை போதும். வேலிக்கு உட்பக்கம் கம்பிவலை அடித்து, அடி ஒரு சாண் மண்ணுக்குள் போகப் புதையுங்கள். வளர்ந்த சிப்பிப்பாறைக்கு ஆறடி மதில் வேண்டும். படலைக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள வெளியைப் பலகை வைத்து அடையுங்கள். படலையைத் திறந்துவிட்டுப் போகிற பழக்கம் எல்லாரிடமும் மாறவேண்டும், பால்காரர் உட்பட.

அடுத்து, இந்த வளவில் கடந்த ஒரு வருடத்துக்குள் குட்டி ஏதாவது சத்தியும் இரத்த வயிற்றோட்டமுமாகச் செத்ததா? அப்படியானால் அது பார்வோவாக இருக்கலாம். அந்த வைரஸ் நிழலான மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். சீமெந்து நிலத்தை 30 பங்கு தண்ணீரில் ஒரு பங்கு வீட்டுப் புளீச் கலந்து, பத்து நிமிடமாவது ஈரமாக விட்டுக் கழுவலாம். மண்ணைக் கழுவ முடியாது. அப்படியான வளவுக்கு 16 கிழமை ஊசி முடிந்த குட்டியையே எடுங்கள்.

உண்ணி யாழ்ப்பாணத்து நாய் வளர்ப்பின் பெரிய தலையிடி. நாயில் இரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கூரை மரத்திலும் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் தீராது. நாய் படுக்கப்போகும் விறாந்தையின் சுவர் வெடிப்புகளை முதலே சீமெந்தால் அடையுங்கள். பழைய சாக்கு, விறகுக் குவியல், உடைந்த ஓடு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். உண்ணிக்கு எதிரான மாத்திரைகளில் பல 8 கிழமை வயதிலிருந்து, நிறைக்கு ஏற்றபடி கொடுக்கக்கூடியவை. எதை எவ்வளவு என்பதை வைத்தியர் சொல்லட்டும். குட்டி வந்த நாளிலிருந்து தினமும் மாலையில் விரலிடுக்கு, காதின் உட்பக்கம், கழுத்துப் பட்டியின் கீழ் விரலால் தடவிப் பாருங்கள். மிளகு அளவில் ஏதாவது தட்டுப்பட்டால் உண்ணி. முரசு வெளிறி, சாப்பாட்டை விட்டு, சிறுநீர் கடும் நிறத்தில் போனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்; அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும்.

விறகையும் ஓட்டையும் அகற்றினால் பாம்புக்கும் ஒளிய இடம் குறையும். சுருட்டை விரியன் இங்கே மணல் நிலத்திலும் கல்லிடுக்கிலும் இருக்கும். குட்டி மூக்கை நீட்டிப் பார்க்கப் போகும். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். தூக்கிக்கொண்டு நேரே வைத்தியரிடம் போங்கள்.

தோட்டத்தோடு சேர்ந்த வீடுகளுக்கு இது: எங்கள் தோட்டங்களில் விளைகிற மூன்று பயிர் நாய்க்கு நஞ்சு. வெங்காயம் சிவப்பணுக்களை உடைக்கும், பச்சையானாலும் காய்ந்தாலும் அவித்தாலும். முந்திரிகைப்பழம் (திராட்சை) சிறுநீரகத்தை அடிக்கும். பந்தலின் கீழே உதிர்ந்த பழத்தைக் குட்டி பொறுக்கித் தின்ன விடவேண்டாம். புகையிலையில் நிக்கொட்டீன். கிருமிநாசினிப் போத்தலும் எலிப் பாஷாணமும் பூட்டிய இடத்தில் இருக்கட்டும்.

நிழலுக்கு வேம்போ மாமரமோ நல்லது. தகரக் கூரைக் கூடு மத்தியானத்தில் அடுப்பாகக் கொதிக்கும். கட்டாயம் தகரம்தான் என்றால் மேலே கிடுகு போடுங்கள். ராஜபாளையத்தின் இளஞ்சிவப்பு மூக்கும் காது நுனியும் வெய்யிலில் வெந்து புண்ணாகும். பத்து மணிக்குப் பிறகு நிழலிலேயே வைத்திருங்கள்.

படி 7: தெரிவு நாள்

குட்டிகளுக்கு 7, 8 கிழமை ஆகும்போது போங்கள். எட்டுக் கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க ஒப்புக்கொள்ளவேண்டாம். கடியின் அளவைக் கூடப்பிறந்தவற்றோடு விளையாடித்தான் அது படிக்கிறது.

ராஜபாளையம் என்றால் செவிச் சோதனை கட்டாயம். உடல் முழுக்க வெள்ளையாக வருகிற இனங்களில் உள்காதிலும் நிறமிக் கலங்கள் இல்லாமல் போகலாம்; அவை இல்லாவிட்டால் பிறந்து மூன்று நாலு கிழமைக்குள் கேட்கும் கலங்கள் அழிந்துவிடும். நீலக்கண் குட்டிகளில் இந்த ஆபத்து இன்னும் கூட.

குட்டிகள் கும்பலாக இருக்கும்போது சோதிப்பதில் பயனில்லை. ஒன்று தலை நிமிர்த்தினால் கேளாத குட்டியும் அதைப் பார்த்துத் தலை நிமிர்த்தும். ஒவ்வொன்றாகத் தனி அறைக்குக் கொண்டுபோங்கள். குட்டி நிலத்தை மோந்து தன்பாட்டில் நிற்கட்டும். நீங்கள் பின்பக்கம், அதன் கண்ணில் படாமல், நாலைந்து அடி தள்ளி நின்று சில்வர் ரம்ளரில் கரண்டியால் ஒருமுறை தட்டுங்கள். கேட்கும் குட்டியின் காது அடி முதலில் அசையும், பிறகு தலை திரும்பும். அசையாவிட்டால் பொறுத்து, இடத்தை மாற்றி, சாவிக்கொத்தைக் குலுக்குங்கள், வாயால் விசில் அடியுங்கள். காலால் நிலத்தை உதைக்கவேண்டாம், பொருளைக் கீழே போடவேண்டாம். அதிர்வைக் குட்டி பாதத்தால் உணர்ந்து திரும்பிவிடும், நீங்கள் கேட்டது என்று நினைப்பீர்கள். கையை அருகில் தட்டினாலும் காற்றுப் பட்டுத் திரும்பும். தூங்கும் குட்டியில் செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஒரு காது மட்டும் கேளாததை இப்படிப் பிடிக்க முடியாது. மூளைக்குப் போகும் மின்குறியை அளக்கும் பேயர் சோதனையில்தான் தெரியும். ஒரு காதோடு நாய் நன்றாக வாழும். ஆனால் அதைக் குட்டிக்கு விடக்கூடாது. இரண்டும் கேளாத குட்டியைக் கைச்சைகையால் வளர்க்கத் தெரிந்தவர் அன்போடு வளர்க்கலாம். முதல் நாய் எடுப்பவருக்கு அது வேண்டாம்.

மீதிச் சோதனை சுருக்கம். கண்ணிலும் மூக்கிலும் பீளை இருக்கக்கூடாது, தொப்புளில் வீக்கம் இருக்கக்கூடாது, முரசு இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். வயிறு மட்டும் ஊதி முதுகெலும்பு தெரிந்தால் பூச்சி. முதலில் ஓடிவந்து காலைக் கவ்வுகிற துடியான குட்டியைத்தான் எல்லாரும் கேட்பார்கள். முதல் நாய் வளர்ப்பவருக்குச் சற்றுப் பொறுத்து வந்து மோந்து பார்க்கிற நடுக்குட்டி நல்லது.

படி 8: பயணமும் முதல் இரவுகளும்

கொழும்புப் பக்கமிருந்து வந்தால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பகல் வெய்யிலில் வேண்டாம், பஸ்ஸின் கீழ்ப்பெட்டியில் ஒருபோதும் வேண்டாம். வாகனம் பிடித்து, மாலையில் வெளிக்கிட்டு, ஒருவர் பின்னிருக்கையில் பெட்டியோடு இருந்து வாருங்கள். புறப்பட மூன்று மணித்தியாலத்துக்கு முன் சாப்பாடு நிறுத்துங்கள், தண்ணீர் கொடுக்கலாம். வழியில் இறக்கும்போது மற்ற நாய்கள் திரியும் தேநீர்க்கடை வாசல்களில் இறக்கவேண்டாம். தாய் படுத்த சாக்கிலோ துணியிலோ ஒரு துண்டு கேட்டு வாங்கி வாருங்கள்.

முதல் மூன்று நாலு இரவு அழும். கோடிப்பக்கம் தனியே கட்டிவிட்டு "அழுது பழகட்டும்" என்று விடுகிறவர்கள் அதன் பயத்தைத்தான் வளர்க்கிறார்கள். உங்கள் பாயின் பக்கத்தில் பெட்டியை வைத்து, அந்தத் துணியைப் போட்டு, கையை உள்ளே விடுங்கள். நள்ளிரவிலும் விடியலிலும் ஒவ்வொருமுறை வெளியே, ஒரே இடத்துக்குத் தூக்கிப்போய் விட்டால் மலசலப் பழக்கமும் சேர்ந்து வரும்.

படி 9: சாப்பாடு

முதல் கிழமை வளர்ப்பவர் கொடுத்த அதே சாப்பாடு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். மூன்று மாதம்வரை நாளுக்கு நாலு முறை, ஆறு மாதம்வரை மூன்று, பிறகு இரண்டு. மீன்குழம்பில் பிசைந்த சோறு வளர்கிற குட்டிக்குப் போதாது. உப்பும் தூளும் வெங்காயமும் அதில் வேறு. வீட்டில் அவிப்பதென்றால் முள் எடுத்த மீன், முட்டை, கொஞ்சம் ஈரல், பூசணி, அளவான சோறு. கல்சியம் எவ்வளவு சேர்ப்பது என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். குட்டிகளுக்கான உலர் தீன் கொடுக்கிறவர்கள் மேலதிகமாகக் கல்சியம் கொடுக்கவே வேண்டாம். கூடிய கல்சியம் நீண்ட கால் வளர்கிற இனங்களின் எலும்பைக் கெடுக்கும். அவித்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

ஆழ்ந்த நெஞ்சு நாய்களுக்கு இரைப்பை ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் ஓட்டம் வேண்டாம். நல்ல ஓட்ட நாய்க்கு இரண்டு மூன்று விலா தெரியும். அயலவர் "பட்டினி போடுறியளோ" என்பதற்காகக் கொழுக்க வைக்காதீர்கள்.

படி 10: ஊசி முடியுமுன் உலகத்தைக் காட்டுவது

மூன்றாவது கிழமையிலிருந்து ஏறத்தாழ பதினாலாவது கிழமைவரை காணும் எதையும் குட்டி இயல்பென்று எடுத்துக்கொள்ளும். அதே காலத்தில்தான் ஊசியும் முடியவில்லை, நிலத்தில் விட முடியாது. என்ன செய்வது? தூக்கிக்கொண்டு போங்கள். சந்தி, ஓட்டோ, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், கோயில் மணி, தவில், குடை, தலைக்கவசம் போட்ட ஆள், எல்லாவற்றையும் உங்கள் கையில் இருந்தபடி அது பார்க்கட்டும். ஊசி போட்ட சுகமான நாய்கள் உள்ள சிநேகிதர் வீட்டு விறாந்தையில் விடலாம். வெடிச் சத்தத்தைத் தொலைபேசியில் மெல்லப் போட்டு, சாப்பிடும்போது கேட்கப் பழக்குங்கள். தீபாவளிக்கு இரண்டு மாதத்துக்கு முதலே தொடங்கவேண்டும். கோழியைக் கூட்டுக்குள் வைத்து, குட்டியைப் பட்டியில் பிடித்து, பார்த்தும் பாயாமல் இருந்தால் ஒரு துண்டு ஈரல். இதைத் தினமும் செய்யுங்கள்.

மண்ணிலிருந்து வரும் கொக்கிப் புழு இங்கே சாதாரணம். சில வகை மனிதருக்கும் ஏறும், பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடுகிற முற்றம் அது. பூச்சி மருந்தை மூன்று மாதம்வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை கொடுக்கச் சொல்வார்கள். மலத்தை அன்றன்றே எடுத்துப் புதையுங்கள்.

குட்டி கடித்து இரத்தம் வந்தால் "குட்டிதானே" என்று விடவேண்டாம். சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, வைத்தியசாலைக்குப் போங்கள். விசர் குட்டியிலிருந்தும் வரும். விசர் ஊசியைச் சுகாதாரப் பகுதியினர் ஊர்களில் இலவசமாகவும் போடுகிறார்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் திகதியைக் கேட்டு வையுங்கள். மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ நாயைப் பதியுங்கள்.

ஒரு அப்பியாசக் கொப்பியில் நிறை, ஊசி, பூச்சி மருந்து, உண்ணி மாத்திரை, சுகவீனம் எல்லாவற்றையும் திகதியோடு எழுதுங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, குட்டியின் படத்தோடு தாயை வளர்ப்பவருக்கு அனுப்புங்கள். தோலில் சொறி வந்தாலும், காது கேட்பதில் சந்தேகம் வந்தாலும் அவரிடம் சொல்லத் தயங்கவேண்டாம். அதே தாயையும் தகப்பனையும் திரும்பச் சேர்ப்பதா என்பதை அவர் அந்தச் செய்தியை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும்.